ஒரு சொட்டும் கசியாத டிரெய்லர்

பட்டறையில் அவருக்குக் கசிவு என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மீன், ஐஸ்கிரீம், மருந்து ஏற்றுகிற வண்டிகளுக்குக் குளிர்பெட்டி கட்டும் பட்டறை அது. லாரியின் முதுகில் பெட்டியை உட்கார வைத்து, இரண்டு தகடுகளுக்கும் நடுவே நுரை நிரப்பி, மூலைக்கு மூலை சிலிகான் இழுத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி அனுப்புவார்கள். எல்லாம் முடிந்து வண்டிக்காரர் சாவிக்குக் கை நீட்டும் நேரத்தில் பின்னாலிருந்து இவர் குரல் வரும். "இருங்கப்பா. எங்கேயோ கசியுது."

எங்கேயோ கசியத்தான் செய்யும். அதைப் பிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பட்டப்பகலில் பெட்டிக்குள் ஏறிக்கொள்வார். வெளியே ஓர் ஆள் கதவை அடைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவார். பார்த்து முடித்ததும் கதவை இரண்டு தட்டு தட்டுவார், வெளியே நிற்பவர் திறந்துவிடுவார். நிற்பவருக்கு டீ குடிக்கத் தோன்றினாலும் இன்னொருவரை அங்கே நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். அந்தப் பட்டறையில் முதலாளி பேச்சை மீறினாலும் மீறுவார்கள், இதை மீறமாட்டார்கள்.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒல்லியான மனிதர். விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த சிலிகான் இருக்கும், சாப்பிடும்போது அதை உரித்துத் தட்டோரத்தில் வைப்பார். அதைப் பார்த்தாலே அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள். மனிதர் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், கேட்டதை வாங்கி வந்து போட்டுவிடுவார். அதோடு கடமை முடிந்தது என்று சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றப் போய்விடுவார். பேச்சு என்பது மட்டும் கிடையாது. இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய் என்ன குறை சொல்வது? "உனக்கென்னம்மா குறைச்சல், தங்கமான மனுஷன்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள்.

அவருடைய அப்பா நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது, குளிர்காற்று பட்டால் இருமல் கூடும் என்று டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே கசிவு வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, விளிம்பு முழுக்கக் குளிர்பெட்டி ரப்பரை ஒட்டிவிட்டார். என்ன அழகான வேலை! கொசு மூச்சு விடுகிற இடைவெளி கூட இல்லை. மறுநாள் காலை அவர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அடைத்த அந்த அறைக்குள் மாமனாரோடு இருந்தது அவள். எச்சில் கிண்ணம், கஞ்சி, மாத்திரை, துணி மாற்றுவது, மறுபடியும் எச்சில் கிண்ணம். அவள் பெற்ற ஒரே மகன் வேலைக்குப் போன ஊரிலேயே குடும்பமாகி, ஃபோனில் மட்டும் வந்து போனான். மாமனார் சட்டென்று போகவில்லை. வருஷக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போன பிறகு, கசிவு ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"தங்கச்சி கூப்பிடுறா. மலைமேல தனியாத்தான் கிடக்கா. நான் அங்க போய் இருக்கலாம்னு பாக்குறேன்."

"போயிட்டு வா. எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்லைங்க. அங்கேயே இருக்கத்தான்."

சட்டைப் பொத்தானில் இருந்த அவர் கை நின்றுவிட்டது. உலகத்தில் வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பான். இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"நாம ரெண்டு பேரும் எங்கேயுமே போனதில்லை இல்ல? நான் ஒரு டிரெய்லர் கட்டுறேன். நம்ம பிக்கப் வண்டிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு காடு, மலை, எங்க வேணும்னாலும் போகலாம். அதுலயே சமைக்கலாம், அதுலயே படுத்துக்கலாம்."

கொஞ்ச நாளாகவே அவர் ஃபோனில் அந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்தது அதுதான். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பாவம் என்று பட்டிருக்க வேண்டும்.

"சரி, கட்டுங்க. அதுல ஒரு தடவை போயிட்டு வருவோம். அப்புறம் என் முடிவைச் சொல்றேன்" என்றவள், உள்ளே போகத் திரும்பி மறுபடியும் நின்றாள். "ஒரு பெரிய ஜன்னல் மட்டும் வச்சிடுங்க. படுத்தா வெளிய தெரியணும்."

அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தில் சட்டம் எழும்பியது. அதை ஒட்டிக் கொடுத்தவர் பட்டறை வெல்டர். இரும்பை வெட்டுவதை விட வாயால் வெட்டுவதுதான் அவருக்கு நன்றாக வரும். "ஏண்ணே, இதுல அண்ணி போறாங்களா, இல்ல அயிலை மீனை ஏத்துறீங்களா?" என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். கசிவு சிரிக்கவில்லை. இந்த வண்டி சரியாக வந்தால் அவள் இருப்பாள், வராவிட்டால் போய்விடுவாள் என்பது மட்டும்தான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை வெல்டரிடம் எப்படிச் சொல்வது?

சனியன், எதுவும் சுலபத்தில் அமையவில்லை. உடைத்த ஜீப்பிலிருந்து வாங்கிய அச்சைப் பூட்டி, பட்டை ஸ்பிரிங் ஏற்றி, சக்கரம் மாட்டி உருட்டிப் பார்த்தால் ஒரு பக்க டயர் தேய்கிறது. அச்சில் வளைவு. கண்ணுக்குத் தெரியாத வளைவு, டயருக்கு மட்டும் தெரிகிறது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் ஆரம்பம். தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைத்தார், வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, பிக்கப்பை ஓட்டினால் வால் ஆட்டியது. தொட்டியை அச்சுக்கு முன்னால் மாற்றினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த மேடுபள்ளத்தில் இழுத்துப் பார்த்தபோது பிக்கப் ஒரு பக்கம் சாய, டிரெய்லர் மறுபக்கம் சாய, நடுவில் இருந்த கொக்கி முறுக்கிக்கொண்டு கத்தியது. "ரோட்டுக்கு இது போதும்ணே, காட்டுக்கு ஆகாது. எந்தப் பக்கமும் சுத்துற கொக்கி வேணும்" என்றார் வெல்டர். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்! கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே" என்று பதில் வந்தது.

பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை. அடுப்பு, கீழே மூன்று இழுப்பறைகள். பள்ளத்தில் இறங்கியபோது மூன்றும் வெளியே வந்து கரண்டியும் டம்ளரும் மண்ணில் உருண்டன. கசிவுக்குக் கோபம் தலைக்கேறியது. குளிர்பெட்டிக் கொண்டிகளையே சின்னதாக வெட்டி இழுப்பறைக்கு மாட்டினார். அதற்குப் பிறகு எந்தப் பள்ளத்திலும் அவை திறக்கவில்லை. அவள் போய் இழுத்தாலும் திறக்கவில்லை. உப்பு எடுக்க அவள் ஒரு காலை மேடையில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, இது உப்பு டப்பாவா, பேங்க் லாக்கரா?"

"குலுங்குற வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர்.

பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. அது அவர் வேலை. லாரிக்குக் கட்டுவதை விட நுரையைத் தடிமனாக நிரப்பினார். படுக்கிற இடத்துக்கு ஏறும் பக்கக் கதவுக்கு இரட்டை ரப்பர். இழுத்து அடித்தால் தானே விழுந்து பிடித்துக்கொள்ளும் கொண்டி. தரையில், மெத்தை வருகிற இடத்துக்குக் கீழே, கழுவிய தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு துளை போட்டு ரப்பர் மூடியால் அடைத்தார். படுக்கிற வண்டியை எதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை, கை பழகியபடி செய்தது. பக்கவாட்டில் ஜன்னலும் வைத்தார். வைத்தார் என்பதை மறுக்க முடியாது. நல்ல அகலமான, தள்ளித் திறக்கிற கண்ணாடி ஜன்னல். அவள் துணி உலர்த்த வந்தவள் அதற்கு முன் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அவர் வேலையைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அன்று மாலை அவர் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துச் சோதித்தார். ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சொட்டு உள்ளே வந்தது. சிலிகானைச் சுரண்டி மறுபடியும் இழுத்தார். மறுபடியும் ஒரு சொட்டு. ரப்பரை மாற்றினார், சட்டத்தை மாற்றினார், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரே மூலையோடு மல்லுக்கட்டினார். சொட்டு வந்துகொண்டே இருந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை ஆத்திரம் தாங்காமல் ஜன்னலைப் பெயர்த்து எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பலகையை வைத்து அடைத்துவிட்டார். அடைத்த தடம் கூடத் தெரியாத வேலை. தலை நிமிர்ந்தபோது கொடியருகே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜன்னல் எங்க?"

"கசியுது."

"ஒரு சொட்டுதான வந்துச்சு?"

"ஒரு சொட்டுன்னாலும் கசிவு கசிவுதான்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமாக ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூட அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ.

அதற்குப் பிறகு வண்டி முடிந்த மாதிரிதான். ஆனால் அவர் முடிக்கவில்லை. விளக்கை மாற்றினார், விளக்கின் சுவிட்சை மாற்றினார், மேலே சூரியத் தகடு வைத்தார், அதன் வயரை வேறு பக்கமாக இழுத்தார். வெல்டருக்கே பொறுமை போய், "அண்ணே, இதுக்குள்ள குழந்தை பெத்து வளத்து கட்டிக் கொடுத்துடலாம் போல, இன்னுமா முடியல?" என்றார். முடிந்தால் அவள் முடிவைச் சொல்லிவிடுவாள். அந்தப் பயத்தில்தான் மனிதர் ஒரே திருகாணியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவள் தங்கையோடு ஃபோனில் பேசுவது கேட்கும். "வண்டி முடியட்டும்டி, வார்த்தை கொடுத்துட்டேன்" என்பாள். கடைசியில் ஒரு நாள் அவளே சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை போறோம். முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி."

ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. அங்கே போகப் பாதை என்று ஒன்றும் இல்லை, கல்லும் குழியும்தான். டிரெய்லர் சொன்னபடி கேட்டது. குழியில் இறங்கி, ஒரு சக்கரம் தூக்கி, கொக்கி திரும்பி, ஆட்டம் இல்லாமல் ஏறி வந்தது. கசிவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தண்ணீர் ஓரம் நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, அவள் சோறு வடித்தாள். இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "காத்து நல்லா இருக்கு" என்றாள். இதோ, இருந்துவிடுவாள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பிட்டு முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. பின்கதவை இறக்கிவிட்டு இருவரும் ஓடிப்போய் உள்ளே ஏறினார்கள். அவர் கதவை இழுத்து அடித்தார். கடக் என்று கொண்டி விழுந்தது. வாழ்நாள் முழுக்க அவருக்குப் பிடித்த சத்தம் அது.

"பாத்தியா? மழைச் சத்தமே கேக்கல."

"ஆமா" என்றாள் அவள். "மழையே பெய்யாத மாதிரி இருக்கு."

அவர் விளக்கைப் போட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. திருப்தியாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனது. அவளுக்குப் புழுங்கியது, முந்தானையால் விசிறிக்கொண்டாள். "கதவைக் கொஞ்சம் திறங்க" என்றாள். அவர் எழுந்து கதவில் கையை வைத்தார். வழவழவென்று பலகை. இடப்பக்கம் தடவினார், வலப்பக்கம் தடவினார், கீழே தடவினார். அடக் கடவுளே! உள்பக்கம் கைப்பிடி என்ற ஒன்றே இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கதவை இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

"யாரைத் தட்டுறீங்க?" என்று கேட்டாள் அவள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பட்டறையில் எத்தனையோ நூறு பெட்டிகளுக்குள் அவர் ஏறியிருக்கிறார், ஒன்றில் கூட அவரே திறந்துகொண்டு இறங்கியதில்லை. வெளியே எப்போதும் ஓர் ஆள் நின்றிருந்தார். இங்கே யாரும் இல்லை. ஃபோன் இரண்டும் பிக்கப்பில் இருந்தன. ஸ்பேனர், உளி, சுத்தி எல்லாம் வெளியே, முன்பக்கத்து இரும்புப் பெட்டியில். உள்ளே இருந்தது ஒரு மெத்தை, இரண்டு தலையணை, ஒரு தண்ணீர் பாட்டில்.

உதைத்தார். தோளால் இடித்தார். உதைத்தால் திறக்கிற கதவையா அவர் கட்டுவார்? கால்தான் வீங்கியது. பெல்ட் கொக்கியால் ரப்பரை நெம்பினார், கொக்கி வளைந்தது. தன் வேலையைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. மூச்சு கனத்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. அந்த நேரம் பார்த்துக் கூரையின் அலுமினியப் பட்டையிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.

"கசியுது! இங்க பாரு, கசியுது!" என்று கத்தினார். தண்ணீர் வருகிற வழியில் காற்றும் வரும் அல்லவா? ஓட்டையைத் தேடிப் பட்டை முழுக்கத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் முத்து முத்தாக ஈரம் பூத்தது. எல்லா மூலையிலும் பூத்தது. ஓட்டை எதுவும் இல்லை. அவர்கள் இருவரும் விட்ட மூச்சுதான் தண்ணீராகித் திரும்பி விழுந்துகொண்டிருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெத்தைக்கு அடியில ஒரு ரப்பர் மூடி வச்சீங்களே, அது என்ன?" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே.

"அது மீன் தண்ணி வடியுற..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மெத்தையைப் புரட்டினார்கள். மூடி வரமாட்டேன் என்றது. அவர் பல்லால் கடித்து இழுத்தார். பிடுங்கிக்கொண்டு வந்தபோது, விரல் நுழைகிற அந்தத் துளை வழியாக மண் வாசனையோடு காற்று வந்தது.

முதலில் அவளைப் படுக்க வைத்தார். அவள் துளையில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து விட்டாள். பிறகு அவர். பிறகு அவள். இப்படி முறை போட்டுக்கொண்டு தரையில் கன்னம் பதித்துக் கிடக்கும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நீ போயிடுவியோன்னு பயந்துதான் இதைக் கட்டினேன்."

"தெரியும். எனக்காகக் கட்டியிருந்தா ஜன்னல் இருந்திருக்கும்."

அவர் மூக்கைத் துளையில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பாவோட அந்த ரூம்ல நான் எப்படி இருந்தேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? கேக்கமாட்டீங்க. கேட்டா நான் சொல்லிடுவேன்ல, அதான்." அவர் தோளைத் தள்ளினாள். "நகருங்க, என் முறை."

மழை விட்ட பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இருவரும் துளையில் வாயை வைத்து மாறி மாறிக் கத்தினார்கள். குளத்தில் தூண்டில் போட வந்த ஆள். முதலில் பயந்துபோய், "யாருய்யா அது, வண்டிக்கு அடியில?" என்று குனிந்து பார்த்தார். பிறகு சுற்றி வந்து ஒற்றை விரலால் கொண்டியைத் தூக்கினார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா இந்தக் கத்தல்?" என்றார் தூண்டில்காரர். "பெரியவங்க ரெண்டு பேரும் எதுக்கு உள்ள போய்ப் பூட்டிக்கிட்டீங்க?"

கசிவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் செருப்பு கூடப் போடாமல் இறங்கிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றாள். மறுபடியும் தூறல் விழுந்தது. அவர் குடையோடு பின்னால் போனார். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நனைந்து முடித்து வந்து பிக்கப்பில் ஏறிக்கொண்டு சொன்னாள்.

"என்னைத் தங்கச்சி வீட்டுல கொண்டு போய் விட்டுடுங்க."

கொண்டுபோய் விடுவதற்கு முன்னால், அந்த வாரம் அவர் பட்டறைக்கு லீவு போட்டார். கிரைண்டரை எடுத்து டிரெய்லரின் இரண்டு பக்கத்தையும் அறுத்து ஜன்னல் வைத்தார். கூரையிலும் ஒன்று வைத்தார். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி போட்டார். வேடிக்கை பார்க்க வந்த வெல்டர், கசிவு தன் கையாலேயே பெட்டியை அறுப்பதைப் பார்த்து, அன்றைக்கு ஒரு கிண்டலும் பண்ணாமல் போய்விட்டார். ஹோஸ் பைப்பை அவர் தொடவில்லை. அவள் வந்து பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "என் தையல் மிஷின் இதுல போகுமா?" என்று கேட்டாள்.

போயிற்று. தையல் மிஷின், டிரங்குப் பெட்டி, துணிமூட்டை, அவள் பாத்திரங்கள். மலைமேல் தங்கை வீட்டுக்குக் கடைசிப் பகுதி வெறும் பாறைத் தடம், ஜீப் ஓட்டுபவர்களே யோசிப்பார்கள். டிரெய்லர் அத்தனை பாரத்தோடு ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. மேலே போய்த் திறந்து பார்த்தால் ஒரு டம்ளர் நகரவில்லை. இதற்குத்தானே இத்தனை நாள் உயிரை விட்டார்! வண்டி ஜெயித்துவிட்டது. அதை வைத்து அவர் என்ன செய்வது?

தங்கை கோழிகளை விரட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்க அத்தான்! என்ன, வீட்டையே கட்டி இழுத்துட்டு வந்துட்டீங்க?"

அவர் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். மிஷினை வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார், அதன் காலுக்கு அட்டை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். இன்னும் ஏதாவது பழுது பார்க்க இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பாத்துப் போங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டுப் பிக்கப்பைக் கிளப்பினார்.

காலி டிரெய்லர் இறங்கும்போது வேறு வண்டியாக இருந்தது. பாரம் இல்லாமல் ஒவ்வொரு கல்லுக்கும் எகிறிக் குதித்தது, உள்ளே வெறும் இழுப்பறைகள் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. இரண்டாவது வளைவில் பிரேக்கைப் போட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். வாய்விட்டு, சத்தமாக அழுதார். அழுது முடித்ததும் மேலே திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றியது. தடமோ ஒரு வண்டி அகலம். பின்னோக்கி ஏற்றலாம் என்று பார்த்தால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகிறது, வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் மடிகிறது. இழுத்துக்கொண்டு முன்னால் போகப் பழகியிருந்தாரே தவிர, தள்ளிக்கொண்டு திரும்பி வர ஒரு நாளும் பழகவில்லை. கடைசியில் அது குறுக்கே மடிந்து பாறையில் முட்டிக்கொண்டு நின்றது.

"போ! இங்கேயே கிட!" என்று அதன் டயரை ஓர் உதை உதைத்தார். சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்தார். ஜன்னல்கள் மூன்றும் திறந்து கிடந்தன, மேகம் கறுத்திருந்தது. அவர் சாத்தவில்லை. மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

தங்கை வீட்டு வாசலுக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"வழியில கிடக்கு." அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் கூட்டிட்டுப் போக வரல. ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போயிடுறேன்."

"என்ன?"

"அந்த ரூம்ல..." எச்சிலை விழுங்கினார். "அந்த ரூம்ல நீ எப்படி இருந்த?"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது. மனைவி வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள், கேள்வி அவரிடமிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்படுவது போல. பிறகு நூலை ஊசியிலிருந்து உருவிவிட்டு, பக்கத்தில் இருந்த முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. சொல்ல ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது."

அவர் உட்கார்ந்தார்.